கரைந்த பிரதிமையும் கிடர்பூர்க் கதைகளும்

கல்கத்தா மாநகரின் தென்மேற்கே, ஆதி கங்கை என்று ஜனங்கள் இன்றும் பக்தியோடு அழைக்கும் பழைய நீரோடை ஹூக்ளி நதியில் வந்து சேரும் முகத்துக்கு அருகில் இருக்கும் கிடர்பூரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலோர், அதைக் கப்பல்கள் சரக்கு ஏற்றி இறக்கும் துறையாகவும், அந்தக் கப்பல்களில் வந்த வெளிநாட்டுச் சாமான்கள் மலிவான விலைக்குக் கிடைத்து வந்த கடைத்தெருவாகவும் மட்டுமே அறிந்திருப்பார்கள். சணலும் தேயிலையும் நிலக்கரியும் கடல் கடந்து சென்ற விவரமெல்லாம் துறைமுகக் கணக்குகளில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. அதே துறையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்தும் காவியங்களும் கதைகளும் புறப்பட்ட சரித்திரமோ, கடிதங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் சித்திரச் சுருள்களிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தோன்றுகிறது. ஒருவர் கண்ணால் கண்டு பழகிய சித்திரமோ பிரதிமையோ, அவர் அந்த இடத்தை விட்டுப் பிரிந்த பிறகு, அல்லது அந்த உருவமே அழிந்து போன பிறகுதான், அவர் உள்ளத்தில் கதையாக முளைவிடத் தொடங்குகிறது. வழியனுப்புவதையே நித்திய காரியமாகக் கொண்ட ஒரு கப்பல்துறை இதற்குத் தக்க சாட்சியாக அமைந்ததில் ஆச்சரியம் இல்லை.

சித்திரத்திலிருந்து கதை பிறப்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டில், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காண வந்தவர்கள் சுவரில் தீட்டிய உருவங்களைச் சுட்டி இன்னார் யார் என்று கேட்பதும், உடன் வந்தவர்கள் காமனையும் ரதியையும், பூனை வடிவெடுத்த இந்திரனையும், அகலிகையையும் கௌதமரையும் காட்டி அவரவர் கதையை எடுத்துச் சொல்வதும் ஆகிய காட்சி வருகிறது. நம் நூற்றாண்டுக்கு நெருங்கி வந்தால், மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு கழித்த ஒரு பொழுதில் மனக்கண் முன் எழுந்த காட்சிகளே 'சிவகாமியின் சபத'த்துக்கு வித்து என்று கல்கியே எழுதியிருக்கிறார். சிற்பியின் உளி ஓய்ந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின், அந்தப் பாறைகளைக் கண்டவர் ஒருவரின் நெஞ்சில் ஆயனரும் சிவகாமியும் உயிர் பெற்றார்கள். ஆயனரோ அஜந்தாச் சித்திரங்களின் அழியாத வர்ண ரகசியத்துக்காக ஏங்குகிறவராகவே படைக்கப்பட்டார். இந்த மரபை நன்கறிந்த நமக்குக் கிடர்பூரின் கதை அந்நியமாகத் தோன்றாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிடர்பூர் கப்பல் கட்டும் ஊராக இருந்தது. கர்னல் ஹென்றி வாட்சன் என்பவர் அங்கே பட்டறை அமைத்து 1781-இல் 'நான்சச்' என்ற கப்பலை நீரில் இறக்கினார். அவர் பெயரைத் தாங்கிய வாட்கஞ்ச் இன்றும் அருகே இருக்கிறது. பிற்பாடு, ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த ஜேம்ஸ் கிட், ராபர்ட் கிட் என்ற சகோதரர்கள் அந்தத் தொழிலைத் தழைக்கச் செய்தார்கள். அவர்களுடைய பட்டறையில் உருவாகி 1819-இல் மிதந்த 'ஹேஸ்டிங்ஸ்', எழுபத்து நான்கு பீரங்கிகளைத் தாங்கக்கூடியதாய், ஆங்கிலக் கடற்படையிலும் சேர்க்கப்பட்டது. அந்தக் கப்பல்களின் மரம் இற்றுப் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் அக்காலத்து ஹூக்ளி நதி எப்படி இருந்தது என்பதை நாம் அறியமுடிகிறதென்றால், அதற்கு ஆண்ட்வெர்ப் நகரத்துச் சித்திரக்காரரான பால்தாசர் சோல்வின்ஸ் என்பவருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். கப்பல்களையும் கடலையும் தீட்டுவதில் தேர்ந்தவரான அவர் 1791-இல் கல்கத்தாவுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் போல அங்கே தங்கி, ஜனங்களின் தொழில்களையும் பண்டிகைகளையும் வாத்தியங்களையும் செப்புத் தகட்டில் செதுக்கி, 250 வர்ணப் படங்களாக வெளியிட்டார். நதியில் ஓடிய படகுகளுக்கென்று அதில் ஒரு பகுதியையே ஒதுக்கினார். சீமான்களின் பஜ்ராவும், சரக்குச் சுமக்கும் அடித்தட்டையான படகுகளும், மயில் முகம் வைத்த உல்லாசப் படகும் அவருடைய ஊசி முனையில் தப்பிப் பிழைத்தன. கல்கத்தாவில் அந்த வெளியீடு அவருக்குப் பொருள் ஈட்டித் தரவில்லை. ஐரோப்பா திரும்பிய பிறகு, பாரிஸ் நகரத்தில் 1808-க்கும் 1812-க்கும் இடையே நான்கு பெரிய சம்புடங்களாக அவற்றை மறுபடியும் செதுக்கி, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதிச் சேர்த்தார். வங்காளத்தில் இருந்தபோது படமாக மட்டும் இருந்தது, வங்காளத்தை விட்டு விலகிய பிறகு விரிந்த விவரணத்தோடு கூடியதாயிற்று என்பதை நான் தற்செயலான சம்பவமாகக் கருதவில்லை.

கிடர்பூரின் இலக்கியப் பெருமைக்கு மூல புருஷர் மைக்கேல் மதுசூதன தத்தர். ஜெஸ்ஸூர் ஜில்லாவில், கபோதாட்ச நதிக்கரையில் உள்ள சாகர்தாரி கிராமத்தில் 1824 ஜனவரி 25-இல் பிறந்த அவர், கல்கத்தா சதர் திவானி அதாலத்தில் வக்கீலாக இருந்த தந்தை ராஜநாராயண தத்தர் கிடர்பூரில் வீடு வாங்கிக் குடியேறியபோது, சிறு பையனாக அங்கே வந்து சேர்ந்தார். தாய் ஜாஹ்னவி தேவி, கிருத்திவாசரின் ராமாயணத்தையும் காசிராம் தாஸரின் மகாபாரதத்தையும் படிக்கத் தெரிந்த மாது. மகனுக்கு அவற்றை வாசித்துக் காட்டி வளர்த்தார். தத்தர் குடும்பம் தேவியின் பூஜையை விமரிசையாக நடத்தும் குடும்பம். வங்காளத்தில் ஒரு குழந்தை முதன்முதலில் காணும் மகத்தான சிற்பம், ஆண்டுதோறும் வைக்கோலும் ஹூக்ளியின் களிமண்ணும் கொண்டு சமைத்து, வர்ணம் பூசி, கடைசியில் கண் திறந்து வைக்கும் துர்க்கையின் பிரதிமைதான். தேவாலயத்துக் கல்விக்கிரகத்தைப் போல அது நிலைத்து நிற்பதில்லை. பத்தாம் நாள் மேளதாளத்தோடு நதிக்கு எடுத்துச் சென்று, அவ்வளவு அழகையும் நீரில் ஆழ்த்திவிட்டு, வெறும் மண்டபத்துக்குத் திரும்புகிறார்கள். ஆற்றோரத்தில் வளர்ந்த ஒரு சிறுவன் இதை எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சிறுவன் ஹிந்து காலேஜில் படித்து, ஆங்கிலக் கவியாக வேண்டும், சீமைக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் மூழ்கி, 1843 பிப்ரவரியில் கிறிஸ்தவ மதம் புகுந்து, அதனால் கிடர்பூர் வீட்டின் கதவு தனக்கு அடைபடக் கண்டான். தாயின் கண்ணீரும் தந்தையின் கோபமும் அவனைத் தடுக்கவில்லை. சில வருஷங்கள் பிஷப் காலேஜில் கழித்த பின், கையில் காசில்லாமல், 1848-இன் தொடக்கத்தில் சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தான். நம்மவர்கள் அதிகமாக ஞாபகம் வைத்திராத இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். கறுப்பர் நகரத்தில் இருந்த அநாதைப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு உபாத்தியாயர் உத்தியோகம் கிடைத்தது. அதே ஆண்டில் ரெபெக்கா என்ற பெண்ணை மணந்தார். சென்னைப் பத்திரிகை ஒன்றில் புனைபெயரில் எழுதத் தொடங்கி, 1849-இல் 'தி கேப்டிவ் லேடி' என்ற ஆங்கிலக் காவியத்தைச் சென்னையிலேயே அச்சிட்டு வெளியிட்டார். பிருதிவிராஜனுடைய கதை அது. தன் யாகத்துக்கு வர மறுத்த அரசனுக்குப் பதிலாகக் கன்னோஜி மன்னன் பொன்னால் ஒரு பிரதிமை செய்து நிறுத்துகிறான். அந்தப் பிரதிமையை முன்னிட்டே கதை நடக்கிறது. இருபத்தைந்து வயதில், அந்நிய நகரத்தில், அந்நிய பாஷையில் எழுதியபோதும், அவர் கை ஓர் உருவத்தைத் தேடிப் பற்றிக்கொண்டது.

அந்தக் காவியத்தை வாசித்த கல்விச் சபைத் தலைவர் பெத்யூன், இவ்வளவு திறமையைத் தாய்மொழிக்குச் செலவிடலாகாதா என்று மதுசூதனரின் ஆப்த நண்பர் கௌர்தாஸ் பைசாக் மூலமாகச் சொல்லி அனுப்பினார். பெத்யூனின் புத்திமதி மட்டுமே மதுசூதனரை மாற்றியது என்று சிலர் எழுதுவதை நான் முற்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனெனில், அதே காலத்தில் சென்னையிலிருந்து கௌர்தாஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில், தம்முடைய வங்காளி மறந்துகொண்டே வருகிறதென்றும், காசிராம் தாஸரின் பாரதத்தையும் ராமாயணத்தையும் ஸ்ரீராம்பூர்ப் பதிப்பாக அனுப்பி வைக்கவேண்டுமென்றும் கேட்டிருக்கிறார். வேறொரு கடிதத்தில் தம் தினசரி ஒழுங்கை விவரிக்கையில், விடியற்காலையில் ஹீப்ரு, பள்ளி வேலைக்குப் பின் கிரேக்கம், பிற்பகலில் தெலுங்கும் சம்ஸ்கிருதமும், மாலையில் லத்தீன், இரவில் ஆங்கிலம் என்று ஒவ்வொரு பாஷைக்கும் நேரம் வகுத்துக் காட்டுகிறார். இத்தனை பாஷைகளின் நடுவே அவர் கேட்டு வரவழைக்க விரும்பிய இரண்டு கிரந்தங்களும் கிடர்பூர் வீட்டில் தாயின் மடியில் கேட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் இருந்த வரையில் ஷெல்ஃபில் கிடந்த அவை, ஆயிரம் மைல் தள்ளி வந்த பிறகு அவசியமான பொருள்களாயின. சென்னை அவரை வங்கக் கவியாக்கியது என்று சொன்னால் அது மிகையாகாது என்பதே என் அபிப்பிராயம்.

தாய் இறந்தபோது அவர் சென்னையில் இருந்தார். 1855-இல் தந்தையும் இறந்து, உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்ளச் சண்டையிடுகிறார்கள் என்ற செய்தி, மாதக்கணக்கில் தாமதமாகி, கௌர்தாஸின் கடிதத்தின் வாயிலாகத்தான் அவருக்குத் தெரிந்தது. 1856 பிப்ரவரியில் கப்பலேறிக் கல்கத்தா திரும்பினார். ரெபெக்காவும் நான்கு குழந்தைகளும் சென்னையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களிடம் அவர் மறுபடி திரும்பவே இல்லை. மகாகவியின் வாழ்வில் இது ஆறாத குற்றம் என்றே சொல்வேன். போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாக அமர்ந்து, சீக்கிரமே நாடகங்களும் எதுகையற்ற புதுச் செய்யுளும் எழுதிப் புகழடைந்து, 1861-இல் ஒன்பது சர்க்கங்கள் கொண்ட 'மேகநாதவத காவிய'த்தை வெளியிட்டார். இந்திரஜித்தின் மரணத்தை ராமனுடைய பக்கத்திலிருந்து பாராமல் லங்கையின் பக்கத்திலிருந்து பார்த்த அக்காவியத்தில் ஹோமரும் மில்டனும் இருக்கிறார்கள் என்று விமர்சகர்கள் காட்டியிருக்கிறார்கள். அது உண்மை. ஆனால் கடைசிச் சர்க்கத்தின் முடிவுக்கு வரும்போது, மகனுக்கும் மருமகளுக்கும் சிதை மூட்டிவிட்டு ராக்ஷசர்கள் நகரத்துக்குத் திரும்பும் துயரத்தை உணர்த்த, கவிக்குக் கிரேக்கமும் லத்தீனும் உதவவில்லை. விஜயதசமியன்று பிரதிமையை நதியில் விட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் வங்காளியின் மனோநிலையையே அவர் அங்கே உவமையாக்கினார். சிலுவை வழிபாட்டில் சேர்ந்து பதினெட்டு வருஷங்கள் கழிந்தும், குழந்தைக் கண் கண்ட களிமண் உருவம் அவருக்குள் கரையாமல் இருந்தது. தாயின் வாசகமும் தேவியின் உருவமும் ஒரே இடத்தில் சந்தித்ததனால்தான் அந்த முடிவு அவ்வளவு உருக்கமாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

பிற்பாடு அவர் பாரிஸ்டர் பரீட்சைக்காகச் சீமை சென்று, பணமின்றிப் பிரான்ஸ் தேசத்து வெர்சேல்ஸ் நகரில், பின்னாளில் அமைத்துக்கொண்ட குடும்பத்தோடு தவித்து, வித்யாசாகர் அனுப்பிய பணத்தால் உயிர் பிழைத்தார். 1866-இல் வெளிவந்த பதினான்கடிப் பாடல்கள் அந்தச் சிறுமைக் காலத்தில் பிறந்தவை. அவற்றில் கபோதாட்ச நதி இருக்கிறது, ஐப்பசிப் பூஜை இருக்கிறது, விஜயதசமி இருக்கிறது, தாமரை மேல் அமர்ந்து யானையை விழுங்கி உமிழும் தேவியும் இருக்கிறாள். ஃபிரெஞ்சு அரசர்களின் மாளிகைகளையும் ஓவியக் கூடங்களையும் தினமும் பார்க்க வாய்த்த ஒருவர், கிராமத்து மண்டபத்தில் கண்ட உருவங்களைப் பாடினார். வேறு இரு வங்கக் கவிகளான ரங்கலால் பந்தோபாத்தியாயரும் ஹேமசந்திர பந்தோபாத்தியாயரும் கிடர்பூரிலேயே வாழ்ந்தவர்கள். மூவரையும் கருதி அங்குள்ள ஒரு சாலைக்குக் கவிதீர்த்தம் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

மதுசூதனர் சென்னையிலிருந்து வந்திறங்கிய அதே 1856 பிப்ரவரியில்தான் அவத் ராஜ்யத்தைக் கம்பெனியார் பிடுங்கிக்கொண்டார்கள். ராஜ்யமிழந்த வாஜித் அலி ஷா மே மாதத்தில் கல்கத்தாவுக்கு வந்து, கிடர்பூரை அடுத்து நதியோரமாக இருக்கும் மட்டியாபுர்ஜில் குடியேறி, இடையே கோட்டைச் சிறையில் கழித்த காலம் நீங்கலாக, 1887-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். ஒருவர் திரும்ப முடியாத வீட்டுக்குத் திரும்பிய வருஷத்தில், மற்றொருவர் வீட்டை விட்டு வந்து, விட்டு வந்ததைப் போலவே மற்றொன்று சமைக்கத் தொடங்கினார். லக்னோவில் இருந்தபோதே, அந்தப்புர அநுபவங்களைத் தாமே விவரிக்கும் 'இஷ்க்நாமா' என்ற சுயசரிதைக் கிரந்தத்தை நூற்றுக்கு மேற்பட்ட வர்ணச் சித்திரங்களோடு தயாரிக்கச் செய்தவர் அவர்; மதுசூதனருடைய சென்னைக் காவியம் வெளிவந்த சமயத்தையொட்டி உருவான அந்தச் சுவடி இப்போது விண்ட்ஸர் கோட்டையில், ஆங்கில அரச குடும்பத்தின் புத்தகசாலையில் இருக்கிறது. சித்திரம் பறிபோயிற்று, சித்திரத்தில் இருந்ததை மட்டியாபுர்ஜில் மாளிகைகளாகவும் இமாம்பாராவாகவும் தும்ரிப் பாட்டாகவும் கதக் நடனமாகவும் மறுபடி உண்டாக்க முயன்றார் என்று கொள்ளலாம். பட்டமும் புறாவும் பறந்தன, பிரியாணி கமகமத்தது, மிருகக் காட்சிசாலையும், பாம்புகள் நெளியும் செயற்கைக் குன்றும் பார்க்க வந்தோரைப் பிரமிக்க வைத்தன.

இதையெல்லாம் நாம் அறிவது ஒரு சிறுவனின் கண் வழியாக. அப்துல் ஹலீம் ஷரர் 1860-இல் லக்னோவில் பிறந்து, ராஜ சேவையில் இருந்த உறவினரோடு ஒன்பது வயதில் மட்டியாபுர்ஜுக்கு வந்து, பத்தொன்பது வயது வரை அங்கே வளர்ந்தவர். மன்னர் இறந்ததும் அந்தச் சிறு லக்னோ ஏலத்துக்கு வந்து கலைந்தது. மிருகங்களை விற்றார்கள், மாளிகைகள் கைமாறின, நதியோரத்து நிலத்தில் ஆலைகளும் துறைமுகத்தாரின் கட்டடங்களும் எழுந்தன. 1864-ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும் புயல் ஹூக்ளியில் நின்ற கப்பல்களை நாசமாக்கிய பிறகு, பாதுகாப்பான உள்துறை தேவை என்ற எண்ணம் வலுத்து, 1890-களின் ஆரம்பத்தில் கிடர்பூர் டாக் திறக்கப்பட்டதும் அந்தப் பிரதேசமே அடையாளம் மாறியது. ஷரர் தாம் நடத்திய 'தில்குதாஸ்' பத்திரிகையில் லக்னோவின் பழைய நாகரிகத்தைப் பற்றிய கட்டுரைத் தொடரை 1913 முதல் எழுதத் தொடங்கியபோது, மட்டியாபுர்ஜ் கலைந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. அவர் எழுதியது சரித்திரம் என்றாலும், அதன் மிக அழகான பக்கங்கள் பாலியத்தில் கண்டவற்றை மறக்க முடியாத ஒருவர் தீட்டிய ஓவியங்கள். லக்னோவின் கதையை எழுத அவருக்குக் கண் கொடுத்தது வங்காளத்து ஆற்றங்கரை.

அந்தப் பக்கங்கள் அறுபது வருஷங்களுக்குப் பிறகு மற்றொருவருக்குப் பயன்பட்டன. பிரேம்சந்தின் சதுரங்கக் கதையைச் சத்யஜித் ராய் 1977-இல் படமாக்கியபோது, வாஜித் அலியின் உலகத்தை அறிய ஷரருடைய புத்தகம் அவருக்கு முக்கிய ஆதாரமாயிற்று. ராய் அடிப்படையில் சித்திரக்காரர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடமும் விநோத பிஹாரி முகர்ஜியிடமும் பயின்றவர். சிவப்புத் துணி போர்த்திய கணக்குப் புத்தகங்களில் ஒவ்வொரு காட்சியையும் முதலில் வரைந்து பார்த்து, பிறகுதான் எடுப்பார். அவர் 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்க நினைத்ததே, 1944-இல் அந்த நாவலின் சிறுவர் சுருக்கத்துக்குச் சிக்னெட் பிரஸ்ஸுக்காகப் படங்கள் வரைந்தபோதுதான். அங்கே வரைந்த காட்சிகள் சில அப்படியே திரையில் எழுந்தன. எழுத்திலிருந்து சித்திரமும், சித்திரத்திலிருந்து மறுபடி கதையும் பிறந்ததற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிடர்பூரிலிருந்து படகில் ஆதி கங்கை வழியே சிறிது தூரம் உள்ளே சென்றால் காளிகட்டம். 1809-இல் எழுந்த தற்போதைய ஆலயத்தைச் சுற்றி அமர்ந்த பட்டுவாக்கள், கிராமங்களில் நீண்ட துணிச்சுருளை அவிழ்த்துப் பாட்டோடு கதை சொல்லிய வம்சத்தார். நகரத்துக்கு வந்ததும், கப்பலில் வந்திறங்கிய ஆலைக் காகிதத்தில், யாத்திரிகர்கள் சில காசுக்கு வாங்கிச் செல்லும்படி ஒற்றைப் படங்களைத் தீட்டினார்கள். பாட்டு நின்றது, சுருள் போயிற்று. ஒரே தாளில் முழுக் கதையையும் அடக்கும் சாமர்த்தியம் வந்தது. 1873 மே மாதத்தில் நவீன் என்னும் அரசாங்க அச்சகத்துப் பணியாளர், தாரகேசுவரத்து மகந்தனோடு சேர்க்கை கொண்டாளென்று கேட்டுத் தன் இளம் மனைவி ஏலோகேசியை மீன் அரியும் அரிவாள்மணையால் வெட்டிக் கொன்றார். அந்த வழக்கு வங்காளத்தையே உலுக்கியது. பட்டுவாக்கள் அதைக் காட்சி காட்சியாக வரைந்து விற்றார்கள்; நாடகக்காரர்கள் மேடையேற்றிப் பெரும்பணம் சம்பாதித்தார்கள். அவர்களில் முன்னணியில் நின்ற பெங்கால் தியேட்டர், அதே ஆண்டு ஆகஸ்டில்தான் மதுசூதனருடைய 'சர்மிஷ்டை'யோடு திறக்கப்பட்டது. பெண் வேஷத்தைப் பெண்களே ஏற்க வேண்டும் என்று அதற்கு யோசனை சொன்னவரும் அவரே. திறப்பு விழாவைக் காண அவர் இல்லை. ஜூன் 29-இல், மனைவியாய் வாழ்ந்த ஹென்ரியெட்டா மறைந்த மூன்றாம் நாள், அவரும் மறைந்தார்.

அதே 1873 பிப்ரவரியில் 'லாலா ரூக்' என்ற கப்பல் சுமார் 400 ஒப்பந்தக் கூலிகளோடு கல்கத்தாவிலிருந்து சூரிநாமுக்குப் புறப்பட்டது. 1834-இல் மொரீஷியஸுக்கும், 1838-இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் தொடங்கிய அந்தப் பிரயாணங்கள் எண்ணிறந்தவை. கிடர்பூரையும் கார்டன் ரீச்சையும் ஒட்டிய கூடாரங்களில் அடைபட்டிருந்தவர்களுக்குக் கொண்டு போக உடைமை அதிகமில்லை. ஊர்த் தெய்வத்தின் உருவமும், துளசிதாசரின் ராமாயணத்தில் கேட்ட சில அடிகளும், ஹோலிப் பாட்டுகளும் நெஞ்சில் ஏறிக் கப்பலிலும் ஏறின. அமிதவ் கோஷ் 2008-இல் எழுதிய நாவலின் முதற்பகுதியில், கடலையே காணாத தீத்தி என்ற கிராமத்துப் பெண் தன் மனக்கண்ணில் தோன்றிய பாய்மரக் கப்பலை மாவிலையில் குங்குமத்தால் வரைந்து பூஜை மாடத்தில் வைக்கிறாள். அந்தக் கப்பல்தான் அவளைப் பின்னர் கல்கத்தாவிலிருந்து மொரீஷியஸை நோக்கிச் சுமந்து செல்கிறது. கிடர்பூரில் 2011-இல் எழுப்பிய நினைவுக் கல்லையும், சூரிநாம் கட்டத்தில் 2015-இல் திறந்து வைத்த, சிறு மூட்டையோடு நிற்கும் தம்பதியின் சிலையையும் காண, அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் கடல் கடந்து வருகிறார்கள். ஐந்தாறு தலைமுறையாக வீட்டில் கேட்ட துண்டு துணுக்குகளை அந்தச் சிலைக்கு முன் நின்று கோத்துப் பார்க்கும்போது, அவர்கள் கதாசிரியர்களே ஆகிறார்கள்.

1943-இல் வங்காளத்தைப் பஞ்சம் தின்றபோது, ஜைனுல் ஆபிதீன் மலிவான காகிதத்தில் கறுப்பு மையால் கல்கத்தாத் தெருக்களில் செத்துக்கொண்டிருந்தவர்களை வரைந்தார்; சித்தபிரசாத் மிட்னாப்பூர் ஜில்லாவில் நடந்து சென்று வரைந்து எழுதியதை அரசாங்கத்தார் பறித்து அழித்தார்கள். அந்த டிசம்பர் 5-ஆம் தேதி பட்டப்பகலில் ஜப்பானிய விமானங்கள் கிடர்பூர் டாக்கின் மேல் குண்டு வீசின. துறையில் மாண்ட கூலியாட்களைத் தீட்டக் கை அமையவில்லை போலும்; பஞ்சத்தைப் பற்றிப் பின்னர் எழுந்த கதைகளின் தொகை பெரிது, டாக்கில் விழுந்த குண்டைப் பற்றியவை சொற்பம். வரைந்தவன் இருந்த துயரத்துக்கும் இல்லாத துயரத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதை எண்ணும்போது, சித்திரக்காரனின் பொறுப்பு எவ்வளவு பெரிதென்று புலப்படுகிறது.

தமிழில் கதை எழுதுவோருக்கு இந்தச் சரித்திரத்தில் தீராத விஷயம் இருக்கிறது. மதுசூதனருடைய சென்னை வாழ்வு எட்டு ஆண்டுகள். அநாதைப் பள்ளியிலும், பின்பு சென்னைச் சர்வகலாசாலையின் உயர்நிலைப் பள்ளியிலும் அவர் பாடம் சொன்னார். பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்தார். கௌர்தாஸுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. 1849-ஆம் ஆண்டுக் காவியமும் இருக்கிறது. அந்தக் கடிதங்களில் தெரியும் அவர் உருவத்துக்குப் பக்கத்தில் ரெபெக்கா நிற்கிறார், பேசுவதில்லை. கணவர் கல்கத்தாவுக்குக் கப்பலேறிய பிறகு நான்கு குழந்தைகளோடு அவர் சென்னையில் எப்படி ஜீவித்தார், லங்கையின் பெண்களுக்கு அவ்வளவு கண்ணீர் கொடுத்த காவியத்தின் புகழ் அவர் காதுக்கு எட்டியதா, எட்டியிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டியவை. அதை எழுத முற்படுகிறவர் கிடர்பூரில் கார்ல் மார்க்ஸ் சாலையில் இருந்த பழைய வீட்டிலிருந்து தொடங்க வேண்டாம். ஜார்ஜ் டவுனில், அன்றைய கறுப்பர் நகரத்தில், ஸ்ரீராம்பூரிலிருந்து வரவேண்டிய புத்தகப் பொட்டலத்துக்காகக் கணவர் தபாலை எதிர்பார்த்திருந்த ஒரு நாளில், அது எந்தப் புத்தகம், அவருக்கு ஏன் அது வேண்டும் என்று ரெபெக்கா கேட்கும் இடத்திலிருந்து தொடங்கலாம்.